ஒரு நாளைக்கு ஒரு நகம் போதும்

புதுச்சேரி லாசுப்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, தெருவில் தேங்கிய தண்ணீரிலிருந்து தூக்கி வந்த நாட்டு நாய்க்குட்டி இப்போது நன்றாக வளர்ந்துவிட்டது. பெண் நாய், பெயர் மீனு. வீடு இரண்டாவது மாடி, தரை முழுக்க டைல்ஸ். நகம் அத்தனையும் கறுப்பு. நெயில் கட்டரைக் கையில் எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொள்கிறது. போன தடவை கணவரும் தம்பியும் அழுத்திப் பிடிக்க இவர் வெட்டியிருக்கிறார். ஒரு நகத்தில் இரத்தம் வந்து, தம்பியின் கையிலும் பல் பட்டிருக்கிறது. "அசையாமல் பிடித்துக்கொள்ள ஏதாவது சுலபமான வழி உண்டா, இல்லை தூக்க மாத்திரை கொடுக்கலாமா?" என்பது கேள்வி.

பிடிப்பது எப்படி என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் மூன்று பேர் சேர்ந்தும் முடியாத வேலை நான்காவது ஆள் வந்தால் முடிந்துவிடாது என்பது உங்களுக்கே தெரியும். இனிமேல் இது எனக்குக் கால் கொடுக்குமா என்பதுதான் கேள்விக்கு உள்ளே இருக்கும் கேள்வி என்று நினைக்கிறேன். கொடுக்கும். ஆனால் நகம் வெட்டுவது ஒரு வேலை, பயத்தைப் போக்குவது வேறு வேலை. இரண்டையும் ஒரே நாளில் ஒரே மூச்சில் செய்யப் போனதுதான் போன முறை நடந்த தப்பு.

நான் கடலூரில் 18 வருடமாகக் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். இந்தத் தப்பை உங்களைவிட அதிகமாகச் செய்தவள். முதலில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் ஒரு லாப்ரடாரை நான்கு பேர் மேஜையில் அமுக்கிப் பிடிக்க, பத்து நிமிடத்தில் 18 நகத்தையும் வெட்டித் தள்ளினேன். ஊர்ப்பக்கம் காளைக்கு லாடம் அடிக்கக் கயிற்றைப் போட்டுச் சாய்ப்பார்களே, அதே காட்சிதான். அன்று கைத்தொழில் கற்றுக்கொண்ட பெருமையோடு வீட்டுக்குப் போனேன். இரண்டு மாதம் கழித்து அதே நாய் தடுப்பூசிக்கு வந்தது. வாசற்படியிலேயே சிறுநீர் கழித்துவிட்டு உள்ளே வர மறுத்து உட்கார்ந்துகொண்டது. நகத்துக்காக வரவில்லை, ஊசிக்குத்தான் வந்தது. ஆனால் என் மேஜைதான் அதற்கு நினைவிருந்தது.

மற்றதைச் சொல்லும் முன் தம்பியின் கை. தோல் கிழிந்திருந்தால், அது சின்னக் கீறலே என்றாலும், உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை என்றால் இப்போதாவது போகட்டும். நாள் தள்ளிப்போய்விட்டது என்று விட்டுவிடக் கூடாது. வீட்டு நாய் என்பதையும், தடுப்பூசி போட்டிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஊசி வேண்டுமா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்வார். மீனுவின் தடுப்பூசி அட்டையையும் எடுத்து, வெறிநோய் ஊசி எப்போது போட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, இரண்டு வாரத்துக்குக் கட்டரைத் தொடாதீர்கள். நடக்கும்போது டைல்ஸில் டக் டக் என்று சத்தம் கேட்டால் நகம் நீளம் என்று அர்த்தம். அது வழுக்கும், விரலைக் கோணலாக்கும், சங்கடம்தான். ஆனால் இரண்டு வாரத்தில் குடி முழுகிப்போகாது. ஒரே ஒரு விதிவிலக்கு, முன்னங்காலின் உள்பக்கம் கொஞ்சம் மேலே தனியாகத் தொங்கும் கட்டைவிரல் நகம். அது தரையில் படவே படாது, அதனால் தேயாது. விட்டுவிட்டால் வளையம் மாதிரி சுருண்டு சதைக்குள்ளேயே குத்திக்கொள்ளும். மீனுவுக்கு அப்படிக் குத்தியிருந்தாலோ, வேறு ஏதாவது நகம் பிளந்து தொங்கினாலோ வீட்டு முயற்சி வேண்டாம். மருத்துவரிடம் கொண்டுபோய் மயக்க ஊசி போட்டு ஒரே தடவையில் சரிசெய்துவிட்டு, நான் கீழே சொல்லும் பழக்கத்தைப் புதிதாகத் தொடங்குங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்களுக்குப் பக்கத்திலேயே குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கேயும் காட்டலாம்.

இந்த இரண்டு வாரத்தில் செய்ய வேண்டிய முதல் காரியம் காலைப் பார்ப்பது. கிட்டே போய்ப் பிடிக்க வேண்டாம். அது மல்லாந்து தூங்கும்போது மொபைல் டார்ச்சை ஓரமாக அடித்துப் பாருங்கள். நம் கடற்கரை ஊர்களின் புழுக்கத்துக்கு உண்ணி வருடம் முழுக்க இருக்கும். காதுக்குள்ளேயும் விரல் இடுக்கிலும் ஆமணக்குக் கொட்டை மாதிரி உப்பிப்போய் உட்கார்ந்திருக்கும். விரல் இடுக்கில் புண்ணோ, முள்ளோ, உண்ணி கடித்த வீக்கமோ இருந்தால் காலைத் தொட விடாதது பயம் மட்டும் அல்ல, வலி. வலிக்கிற காலுக்கு எந்தப் பயிற்சியும் ஏறாது. முதலில் வைத்தியம், அப்புறம் பழக்கம்.

மீனுவின் பயத்துக்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று உங்களுக்கே தெரிந்தது. நகத்துக்குள்ளே இரத்தக் குழாயும் நரம்பும் சேர்ந்து ஓடுகிற உயிருள்ள சதை இருக்கிறது, நகக்கண் என்போமே அது. கத்தி அதில் பட்டால் நமக்கு நகக்கண்ணில் ஊசி ஏறுவது போலத்தான் வலிக்கும். அப்படி ஒரே ஒரு முறை பட்டாலும் சில நாய்கள் ஆயுசுக்கும் மறப்பதில்லை. இன்னொன்று, குட்டி பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை பார்ப்பதையும் தொடப்படுவதையும் சாதாரணம் என்று மனதில் பதிய வைத்துக்கொள்ளும். தெருவில் கழிந்த அந்த வயதில் மீனுவின் காலை யாரும் அன்பாகப் பிடித்திருக்க மாட்டார்கள். ஆகவே அதன் கணக்கில் காலைப் பிடிப்பது என்றாலே ஆபத்து. இந்தக் கணக்கைத்தான் மாற்றி எழுதப் போகிறோம்.

உப்பு, காரம், வெங்காயம் இல்லாமல் வேகவைத்த கோழிக்கறியைச் சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பிய்த்து ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முட்டையும் ஆகும். முள் எடுத்த வேகவைத்த மீனும் ஆகும். கருவாடு மட்டும் வேண்டாம், எவ்வளவு ஆசையாக மோந்தாலும், அதில் உப்பு மிக அதிகம். இந்தக் கறி வேறு எந்த நேரத்திலும் கிடைக்கக் கூடாது, காலைத் தொடும்போது மட்டும்தான். தரையில் நீங்களும் உட்காருங்கள். மேஜை, சோபா எதுவும் வேண்டாம். டைல்ஸ் வழுக்கினால் அந்தப் பதற்றமே போதும், எல்லாம் கெட்டுவிடும். கோணியோ ரப்பர் மேட்டோ விரித்துக்கொள்ளுங்கள்.

இப்போது தோளில் கை வையுங்கள், ஒரு நொடி. கையை எடுக்கும் முன்பே மற்றக் கையால் ஒரு துண்டு கொடுங்கள். கை போனதும் கறியும் நின்றுவிட வேண்டும். மறுபடி தோள், மறுபடி கறி. இங்கே பெரும்பாலோர் சறுக்குவது வரிசையில்தான். கறியைக் காட்டி வரவழைத்து, அது தின்னும்போது சட்டென்று காலைப் பிடிப்பார்கள். நான்கு நாளில் நாய் கறியைப் பார்த்தாலே ஓட ஆரம்பிக்கும். 'கை வந்தால் கறி வரும்' என்று புரிய வேண்டுமே தவிர, 'கறி வந்தால் கை வரும்' என்று புரிந்துவிடக் கூடாது. தொடுவது முதலில், தீனி இரண்டாவது. மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

தோளிலிருந்து முழங்கை, அங்கிருந்து கணுக்கால், பிறகு பாதம், பிறகு ஒரு விரலை மெல்ல அமுக்கி நகத்தை வெளியே நீட்ட வைப்பது என்று போகலாம். ஒரு படிக்கு ஒரு நாளும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிடம் தாண்ட வேண்டாம். நடுவில் காலை இழுத்துக்கொண்டால் விட்டுவிடுங்கள். இழுத்துப் பிடித்து வைக்காதீர்கள். இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும் என்று வீட்டில் பெரியவர்கள் யாராவது கட்டாயம் சொல்வார்கள். நாய் விஷயத்தில் நான் பார்த்தது நேர்மாறு. இழுத்தால் விட்டுவிடுவார்கள் என்று நம்பிக்கை வந்த நாய் இழுப்பதையே குறைத்துக்கொள்கிறது.

அசையாமல் இருந்தால் பழகிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பயத்தில் உறைந்துபோன நாயும் அசையாது. வாயைச் சுற்றி அடிக்கடி நக்குவது, தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி, தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, உடம்பு விறைப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக, ஆசையாகத் தின்னும் கறியை வாங்க மறுப்பது. இதில் எதைப் பார்த்தாலும் அன்றைக்கு அவ்வளவுதான். அடுத்த நாள் ஒரு படி கீழே இறங்கித் தொடங்குங்கள். உறுமினால் அதட்டாதீர்கள், அடிக்கவும் வேண்டாம். உறுமல் என்பது 'கடிக்க விரும்பவில்லை, நிறுத்து' என்று அது சொல்லும் சொல். அந்தச் சொல்லை அடித்து அடக்கினால் அடுத்த முறை சொல்லாமலே பல் வரும்.

கட்டரையும் இதே மாதிரி தனியாக அறிமுகப்படுத்துங்கள். நாய்க்கென்று விற்கும் கத்தரிக்கோல் மாதிரியான கட்டர் போதும். ஆனால் கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கிய கட்டர் நகத்தை வெட்டுவதற்கு முன்னால் நசுக்கும், அந்த அழுத்தமே வலிக்கும். பழைய கட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வேறு நிறத்தில் வாங்குங்கள், பழையதோடு கெட்ட நினைவு ஒட்டியிருக்கிறது. அதை முதலில் மீனு சாப்பிடும் இடத்துக்குப் பக்கத்தில் சும்மா வையுங்கள். சில நாள் கழித்து, ஒரு தென்னந்துடைப்ப ஈர்க்கை எடுத்து அறையின் மறுகோடியில் உட்கார்ந்து 'டிக்' என்று ஒரு துண்டு வெட்டுங்கள். ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு துண்டு கறி. தீபாவளி வெடிக்கு நடுங்குகிற நாயாக இருந்தால் இந்தச் சத்தப் பழக்கத்துக்கு இன்னும் ஒரு வாரம் கூடுதலாக ஒதுக்குங்கள். பிறகு கட்டரின் பின்பக்கத்தால் நகத்தைத் தொட்டு எடுப்பது. அதற்கும் பிறகுதான் வெட்டு.

வெட்டும் நாளில் ஒரு நகம்தான். இரண்டாவதற்கும் நன்றாகக் காட்டிக்கொண்டு நிற்கிறதே என்று ஆசை வரும். அங்கேயே நிறுத்துங்கள். ஒரு நாளைக்கு ஒன்று என்றாலும் 18 நகமும் மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும். முதலாவதை மறுபடி வெட்டும் நேரமும் வந்திருக்கும். இன்னொருவர் உதவிக்கு இருந்தால் ஒரு எவர்சில்வர் தட்டில் தயிரைத் தடவி முன்னால் பிடிக்கட்டும், நக்கிக்கொண்டே நிற்கும். காலைப் பக்கவாட்டில் விரித்து இழுக்காதீர்கள். நாயின் கால் முன்னும் பின்னும் போக அமைந்தது, பக்கவாட்டில் இழுத்தால் தோளும் இடுப்பும் வலிக்கும். பாதத்தைப் பின்பக்கமாக மடக்கி, அடிப்பக்கம் மேலே தெரியும்படி பிடியுங்கள். லாடம் கட்டுபவர் குதிரைக்காலை மடியில் வைப்பாரே, அப்படி.

கறுப்பு நகத்தில் நகக்கண் வெளியே தெரியாது, வெள்ளை நகத்தில் இளஞ்சிவப்பாகத் தெரியும். உங்களுக்கு வாய்த்தது கறுப்பு. ஆகவே நுனியிலிருந்து ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சீவிச் சீவி, ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு வெட்டிய முகத்தைப் பாருங்கள். முதலில் சுண்ணாம்புத் துகள் மாதிரி வறண்டு, வெள்ளையாகவோ சாம்பலாகவோ இருக்கும். இன்னும் சீவினால் சுற்றிலும் ஒரு வளையம், நடுவில் தனியாக ஒரு புள்ளி என்று வரும், பென்சிலைக் குறுக்கே வெட்டினால் மரத்துக்கு நடுவே கரி தெரிவது போல. அந்தப் புள்ளி கொஞ்சம் ஈரமாக, பளபளப்பாகத் தெரியும். அதுதான் எல்லை. அதற்கு அடுத்த சீவலில் இரத்தம். நீளம் குறையவில்லையே என்று கவலைப்படாதீர்கள். அடிக்கடி கொஞ்சமாக வெட்டிக்கொண்டே வந்தால் நகக்கண்ணும் வாரக்கணக்கில் மெல்லப் பின்வாங்கும், அப்புறம் இன்னும் குட்டையாக வெட்டலாம். எவ்வளவு வேகமாகப் பின்வாங்கும் என்பது நாய்க்கு நாய் மாறும்.

இவ்வளவு பார்த்தும் ஒரு நாள் இரத்தம் வரும். எனக்கு இப்போதும் வருகிறது. அலறாதீர்கள், உங்கள் அலறல்தான் அதற்கு அதிகம் உறைக்கும். கார்ன்ஃப்ளவரோ மைதாவோ ஒரு கை அள்ளி நகத்தின் நுனியை அதில் அழுத்தி ஐந்து நிமிடம் பிடியுங்கள், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காமல். சவரக்கடையில் வைத்திருக்கும் படிகாரமும் இரத்தத்தை நிறுத்தும், ஆனால் எரியும். மஞ்சள் தூள் கெடுதல் செய்யாது, இரத்தத்தை நிறுத்த அதை நம்ப வேண்டாம். நின்ற பிறகு சில மணி நேரம் தெருவில் நடக்க விடாதீர்கள். இதில் நம் ஊருக்கே உரிய ஒரு எச்சரிக்கை உண்டு. 15, 20 நிமிடம் விடாமல் அழுத்தியும் நிற்கவில்லை என்றால் அது வெட்டின் ஆழத்தால் மட்டும் இருக்காது. உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமி, இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களைக் குறைத்துவிடும், நாய் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நகம் வெட்டி இரத்தம் நிற்கவில்லை என்று வந்து, பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சல் தெரிந்த நாய்களை நானே பார்த்திருக்கிறேன். அப்படி ஆனால் அன்றே இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

மாத்திரை பற்றிக் கேட்டீர்கள். வீட்டில் இருக்கும் மனிதர்களுக்கான தூக்க மாத்திரை, வலி மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள். இது திட்டவட்டம். பயத்தைக் குறைக்க நாங்கள் எழுதித் தரும் மருந்துகள் உண்டு. காபாபென்டின், ட்ரசோடோன் இரண்டும் இப்போது பரவலாகப் பயன்படுகின்றன, வழக்கமாக இரண்டு மணி நேரம் முன்னால் கொடுப்பது. எடையைப் பார்த்து, மற்ற நோய்களைப் பார்த்து அளவு மாறும். அதனால் இங்கே அளவு எழுத மாட்டேன். மனிதர்களுக்கான சில திரவ மருந்துகளில் சைலிடால் என்ற இனிப்பு இருக்கும், அது நாய்க்கு விஷம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் அசிப்ரோமசின் அதிகம் எழுதுவோம். அதில் உடம்பு தளரும், பயம் அப்படியே உள்ளே இருக்கும். பார்ப்பவருக்கு நிம்மதி, நாய்க்கு இல்லை. அதைத் தனியாகக் கொடுப்பதை நான் விட்டுவிட்டேன்.

வாய்க்கூடு வேண்டுமா என்றால், ஒரு முறை பல் பட்ட நாய்க்கு வேண்டும் என்பேன். துண்டால் வாயைக் கட்டுவது வேண்டாம். நாய் வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும், அக்னி நட்சத்திர வெயிலில் வாயைக் கட்டிப்போட்டால் சூடு ஏறிவிடும். கூடை மாதிரியான வாய்க்கூட்டில் வாயைத் திறக்கலாம், கறியும் உள்ளே கொடுக்கலாம். அதையும் முதல் நாளே மாட்டிவிடாமல், உள்ளே தயிர் தடவி அதுவாக மூக்கை நுழைக்கும்படி பழக்குங்கள்.

இதுவரை சொன்னது பெரும்பாலும் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது. இனி அவ்வளவு உறுதி இல்லாதவை. நகத்தைத் தேய்த்து அரைக்கும் இயந்திரம் கட்டரைவிட நல்லதா என்றால், நகக்கண்ணில் படும் ஆபத்து குறைவு, ஆனால் அதிர்வும் சூடும் சத்தமும் சில நாய்களுக்கு இன்னும் பயம். மீனுவுக்கு எது ஒத்துவரும் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. நீளமான நகம் மூட்டுவாதத்தைக் கொண்டுவரும் என்று அடித்துச் சொல்வார்கள். நடை மாறுவது கண்ணால் தெரிகிறது, வழுக்குவதும் தெரிகிறது, அதற்கு மேல் நான் சத்தியம் செய்ய மாட்டேன். அமைதிப்படுத்தும் ஸ்பிரே வகைகளில் பலன் ஒரே மாதிரி இல்லை. குளிப்பாட்டிய பிறகு நகம் மெதுவாகி வெட்டச் சுலபம் என்பது உண்மைதான். ஆனால் குளியலும் பிடிக்காத நாய்க்கு ஒரே நாளில் இரண்டு தண்டனை எதற்கு?

நடந்தால் தேய்ந்துவிடும் என்பதும் பாதிதான் சரி. எங்கள் சில்வர் பீச் மணலில் எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் நகம் பெரிதாகத் தேயாது. உங்கள் ஊர்க் கடற்கரைச் சாலையில் மாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திய பிறகு நடந்தால் கொஞ்சம் தேயும், அதுவும் உந்தித் தள்ளுகிற பின்னங்கால் நகம்தான் அதிகம். பகலில் தாரில் நடத்தாதீர்கள், பாதம் வெந்துவிடும். முன்னங்காலுக்கு வேறு ஒரு வழி இருக்கிறது. ஓர் அடி அகலம் இரண்டு அடி நீளப் பலகையில், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 80ஆம் நம்பர் உப்புத்தாளை ஒட்டிச் சாய்வாகப் பிடித்து, மீனுவே காலால் சுரண்டும்படி கறியை வைத்துப் பழக்கலாம். முன்னங்காலின் நடு நகங்கள் நன்றாகத் தேயும், கட்டைவிரல் நகம் தேயாது. ஷேக் ஹேண்ட் கொடுக்கத் தெரிந்த நாய் என்றால் நான்கைந்து நாளில் கற்றுக்கொள்ளும். கட்டர் என்றாலே ஓடுகிற சில நாய்களுக்கு நான் இதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறேன், கட்டைவிரல் இரண்டை மட்டும் மாதம் ஒரு முறை இங்கே கொண்டுவரச் சொல்வேன்.

நாயை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன். ஒரு மாதம் இப்படிப் பழகியும் பாதத்தைத் தொடும் படியிலேயே நின்றுவிட்டால், அல்லது ஒரே ஒரு காலை மட்டும் தர மறுத்தால், நகத்தை விட்டுவிட்டு அந்தக் காலைக் காட்ட ஒரு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மற்றபடி இன்று இரவு உண்ணி பாருங்கள், தம்பியை மருத்துவமனைக்கு அனுப்புங்கள். கட்டரை வெளியே எடுக்க இன்னும் நாள் இருக்கிறது.